உள்பரிசோதனை வலிக்கிறதா? கர்ப்பப்பை வாய் டெஸ்டுக்கு வேறு வழி இருக்கிறது

கேள்வி: எனக்கு 43 வயது. இரண்டு குழந்தைகள், இரண்டுமே சிசேரியன். கர்ப்பப்பை வாயிலிருந்து செல் எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் டெஸ்டுக்கு இரண்டு முறை போய், யோனியை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தை உள்ளே வைத்ததுமே வலி தாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். "ரெண்டு பிள்ளை பெத்தவங்க, இதுக்குப் போய் இப்படிப் பண்றீங்களே" என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. தாம்பத்தியத்திலும் வலி உண்டு. என் சித்தி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில்தான் இறந்தார். வயிற்று ஸ்கேன் எடுத்தேன், நார்மல் என்றார்கள். அது போதுமா?

பதில்: போதாதும்மா. ஸ்கேனில் கர்ப்பப்பை, சினைப்பை, நார்க்கட்டி, நீர்க்கட்டி எல்லாம் தெரியும். ஆனால் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே செல்களில் நடக்கும் மாற்றம் ஸ்கேனில் தெரியவே தெரியாது. அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் சின்ன சிகிச்சையோடு முடிந்துவிடும். ஸ்கேனில் கட்டியாகத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் நாம் அந்தக் கட்டத்தைத் தவறவிட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

அந்த நர்ஸ் சொன்னதை மனதிலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள். சிசேரியனில் குழந்தை அந்த வழியாக வரவே இல்லை, சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் உள்பரிசோதனை வலிக்கலாம், பிள்ளை பெற்றுவிட்டால் இந்த வலி இருக்காது என்று எதுவும் இல்லை. ஒருமுறை வலித்த இடம் அடுத்த முறை தொடுவதற்கு முன்பே இறுகிக்கொள்ளும். அதை நீங்கள் வேண்டுமென்று செய்வதில்லை.

சித்தியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இது தாயிடமிருந்து மகளுக்கு என்று பரம்பரையாக இறங்கும் நோயாகப் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏறக்குறைய எல்லாக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் எச்பிவி என்ற வைரஸ்தான் காரணம், அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். தாம்பத்திய உறவில் இருந்த யாருக்கும் இந்த வைரஸ் வந்துபோயிருக்கலாம். ஆக, நாம் தேட வேண்டியது இந்த வைரஸைத்தான், உங்களுக்கான நல்ல செய்தியும் அங்கேதான் இருக்கிறது.

பாப் ஸ்மியருக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் விஐஏ பரிசோதனைக்கும் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்த்தாக வேண்டும், அதனால் ஸ்பெகுலம் இல்லாமல் முடியாது. எச்பிவி டெஸ்டுக்கு அது தேவையில்லை. வைரஸ் இருந்தால் உதிரும் செல்களோடு அது யோனிக்குள்ளும் இருக்கும், அங்கிருந்து எடுத்த சாம்பிளே போதும். அதை நீங்களே எடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல் பரிசோதனையாக எச்பிவி டெஸ்டையே பரிந்துரைத்தது, பெண்கள் தாங்களே எடுக்கும் சாம்பிளையும் ஏற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து இந்தப் பரிசோதனைக்கு வரும் எந்தப் பெண்ணும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

எடுப்பது எப்படி? கிட்டில் நீளமான காது பட்ஸ் மாதிரி ஒரு குச்சியோ மெல்லிய பிரஷ்ஷோ இருக்கும். விரலை விட மெல்லியது. கையைக் கழுவிக்கொண்டு, ஒரு காலை ஸ்டூல் மேல் வைத்து நின்றோ, குந்தியோ, படுத்தபடி முழங்காலை மடக்கியோ, உங்களுக்கு எது வசதியோ அப்படி இருந்துகொள்ளுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது குச்சியைக் கீழ்முதுகுப் பக்கமாகச் சாய்த்து உள்ளே விட வேண்டும். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு அளவு, அதாவது சுமார் 5 சென்டிமீட்டர் போனால் போதும். கர்ப்பப்பை வாயைத் தொட வேண்டியதில்லை, "சரியான இடத்தில் படவில்லையோ" என்று குழம்ப வேண்டாம். 20, 30 விநாடி மெதுவாகச் சுற்றிவிட்டு வெளியே எடுத்து, கிட்டில் சொன்னபடி குழாயில் போட்டு மூடிவிட்டால் முடிந்தது. மாதவிடாய் நாட்களில் எடுக்காதீர்கள், சாம்பிள் எடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் யோனிக்குள் கிரீமோ மாத்திரையோ வைக்காதீர்கள்.

லேபில் இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். "இது பிசிஆர் முறையில் செய்யும் எச்பிவி டெஸ்டா? நானே எடுத்த சாம்பிளை ஏற்பீர்களா?" இது முக்கியம், ஏனென்றால் பிசிஆர் முறையில் செய்தால் நீங்கள் எடுத்த சாம்பிளும் டாக்டர் எடுத்ததும் ஏறக்குறைய ஒரே அளவு நம்பகமானவை, சில பழைய முறைகளில் அப்படி இல்லை. நீங்களே எடுத்த சாம்பிளில் பாப் ஸ்மியர் பார்க்க முடியாது, யாராவது பார்க்கலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரிசல்ட் நெகட்டிவ் என்றால் அடுத்த டெஸ்ட் 5 வருடம் கழித்துப் போதும். ஒருமுறை செய்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றினால் இதைக் கேளுங்கள்: மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை எச்பிவி டெஸ்ட் வழங்கப்பட்ட பிரிவில் இந்தப் புற்றுநோயால் வரும் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. விஐஏ-வையும் நான் குறைத்துச் சொல்லவில்லை, நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில் அதுவும் இறப்பை 35 சதவீதம் குறைத்தது. ஸ்பெகுலத்தைத் தாங்க முடிந்தவர்கள் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்துகொள்ளலாம்.

பாசிட்டிவ் வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே இந்த வைரஸை விரட்டிவிடும். வீட்டில் சண்டையும் வேண்டாம், எப்போதோ வந்த வைரஸ் பல வருடம் அமைதியாக இருந்துவிட்டு இப்போது தெரியலாம், அதை வைத்து யாரையும் சந்தேகப்பட முடியாது. ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், பாசிட்டிவ் வந்தால் அடுத்த கட்டத்துக்கு உள்பரிசோதனை வேண்டும். 16 அல்லது 18 என்றால் நேராகக் கால்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பது; மற்ற வகைகளுக்குப் பாப் ஸ்மியரோ விஐஏ-வோ பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

அப்போதும் பழைய மாதிரி அவதிப்பட வேண்டியதில்லை. உள்ளே போனதும், படுப்பதற்கு முன்பே, உட்கார்ந்தபடியே சொல்லுங்கள்: "எனக்கு ஸ்பெகுலம் ரொம்ப வலிக்கும், இரண்டு முறை முடியாமல் போயிருக்கிறது. இருப்பதிலேயே சின்ன சைஸ் போடுங்கள், நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள்." ஸ்பெகுலத்தில் குறுகலான சைஸ் இருக்கிறது, நிறைய இடங்களில் கேட்டால்தான் எடுப்பார்கள். வெளிப்பக்கம் கொஞ்சம் ஜெல் தடவுவது, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைப்பது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, நுழைவாயிலில் மரத்துப்போகும் ஜெல் தடவிச் சில நிமிடம் விடுவது, முதல் பகுதியை நீங்களே உள்ளே செலுத்துவது, இதெல்லாம் கேட்கத் தகுந்தவைதான். எதுவுமே முடியவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்துப் பார்க்கலாம். இத்தனையையும் கேட்டு முகம் சுளிக்கிற டாக்டரிடம் பரிசோதனை செய்துகொள்ளவே வேண்டாம், வேறு டாக்டரைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம், மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இதில் ஒன்று இருந்தாலும் கிட் வாங்கி நேரத்தைக் கடத்தாதீர்கள். அந்த நிலையில் கர்ப்பப்பை வாயைப் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் உங்கள் வலி. தாம்பத்தியத்திலும் இருக்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. நுழையும் இடத்திலேயே வலியா, ஆழத்தில் வலியா என்று கவனித்து வையுங்கள். நுழைவாயிலில் என்றால் தசை தானாக இறுகும் வஜைனிஸ்மஸ், தோல் நோய், தொற்று என்று காரணங்கள் உண்டு; ஆழத்தில் என்றால், அதுவும் மாதவிடாய் வலியும் கடுமையாக இருந்தால், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெனோபாஸ் நெருங்கும்போது வறட்சியாலும் வலிக்கும், அதற்குச் சில வாரங்கள் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தடவினாலே நிறைய வித்தியாசம் தெரியும். வஜைனிஸ்மஸுக்கு இடுப்புத்தள பிசியோதெரபி இருக்கிறது. சரியாகக் கொஞ்சம் நாளாகும், ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகும்.

அந்த சிகிச்சை முடியட்டும் என்று டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாத மாதவிடாய் முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து சாம்பிளை எடுத்துக் கொடுத்துவிடுங்கள், ரிசல்ட் வரும்போது அதை வாங்கிக்கொண்டு வலிக்கான டாக்டரைப் பார்க்கப் போகலாம்.