சுகரை மறைத்து எடுத்த பாலிசி

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. ஆறு வருடமாக சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எட்டு மாதத்துக்கு முன் 15 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு எடுத்தோம். சுகர் இருப்பதை ஏஜென்டிடம் வாய்விட்டுச் சொன்னோம். "எழுதினா பிரீமியம் ஏறிடும், டெஸ்ட்டுக்கு அலையவிடுவாங்க, மூணு வருஷம் தாண்டிட்டா யாரும் கேட்க முடியாதும்மா" என்று அவரே படிவத்தை நிரப்பினார், என் கணவர் கையெழுத்து மட்டும் போட்டார். நான்தான் நாமினி. எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில்: உங்கள் பயம் நியாயமானது சகோதரி. கையெழுத்துப் போட்டது அவர். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

ஏஜென்ட் சொன்ன மூன்று வருடக் கணக்கு சட்டத்தில் இருப்பதுதான். 1938-ம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு, 2015-ல் திருத்திய பிறகு, 3 வருடம் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. ஆனால் உங்களுக்கு இன்னும் 2 வருடம் 4 மாதம் பாக்கி இருக்கிறது. அதற்குள் அசம்பாவிதம் நடந்தால் கம்பெனி விசாரணைக்கு ஆள் அனுப்பும். தவறான தகவல் என்ற அளவில் கிளைமை மறுத்தால், கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மோசடி என்று முடிவு செய்தால் அதுவும் கிடையாது. மறைக்கும் எண்ணம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும், அவர் இல்லாத நிலையில், உங்கள் தலையில்தான் விழும்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று பலர் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "சுகர், பிபி இருக்கா? எத்தனை வருஷமா?" என்பது. பதற்றத்தில் நிற்கும் மனைவி உண்மையைத்தான் சொல்வார், சொல்லவும் வேண்டும், ஏனென்றால் வைத்தியம் அதை வைத்துத்தான். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் "6 வருடமாக நீரிழிவு" என்று ஒரே வரியாக ஏறிவிடும். கிளைமுக்கு நீங்களே இணைத்துக் கொடுக்கும் காகிதத்தில் அந்த வரி இருக்கும்.

வேறு நோயில் இறந்தால் பிரச்சினை இல்லையே என்பார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது உண்மைதான். ஆனால் அங்கே மறைக்கப்பட்டது முதுகெலும்புத் தேய்மானம், இறந்தது மாரடைப்பில். சுகர் அப்படியில்லை, இதயம், கிட்னி இரண்டோடும் நேரடித் தொடர்பு உள்ளது. அதை நம்பி இருக்காதீர்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் எனக்கு வருகிற கோபத்தை மறைக்கப் போவதில்லை. பாலிசி பேசி முடிப்பவர் கம்பெனியின் ஆளாகவே கருதப்படுவார் என்று அதே 45-வது பிரிவு சொல்கிறது, அதனால் அவரிடம் சொன்னோம் என்பது உங்களுக்கு ஒரு வாதம். ஆனால் வாய்ப்பேச்சுக்கு சாட்சி வேண்டுமே. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்பதைக் கோர்ட்டுகள் எளிதில் ஏற்பதும் இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பாலிசி பத்திரத்தோடு நீங்கள் கொடுத்த படிவத்தின் நகல் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். நீரிழிவு பற்றிய கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், உங்கள் கணவரே எந்த வருடத்திலிருந்து சுகர், என்ன மாத்திரை, ஏஜென்டிடம் சொன்னது எல்லாவற்றையும் கம்பெனிக்கு மெயிலிலும் பதிவுத் தபாலிலும் எழுதட்டும். ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். பிரீமியத்தை ஏற்றலாம், பாலிசியை ரத்தும் செய்யலாம், அந்த ஆபத்து உண்டு. அதனால் முதலில் வேறு கம்பெனியில் உள்ளதை உள்ளபடி எழுதி விண்ணப்பித்துப் பாருங்கள். மூன்று மாத சராசரி சுகர் கட்டுக்குள் இருந்தால், கூடுதல் பிரீமியத்தோடு பாலிசி தரும் கம்பெனிகள் இருக்கின்றன. அந்தப் படிவத்தில் இந்தப் பழைய பாலிசியையும் குறிப்பிடுங்கள். வேறு பாலிசி இருந்ததைச் சொல்லவில்லை என்பதற்காகவே கிளைமை மறுத்தது செல்லும் என்று 2019-ல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. இதையெல்லாம் இந்த மாதமே செய்யுங்கள்.

கேள்வி: 2017-ல் எடுத்த பாலிசி, பணம் கட்டாமல் விட்டுப்போய் போன வருடம் புதுப்பித்தேன். மூன்று வருடம் தாண்டிவிட்டதால் எனக்குக் கவலை இல்லைதானே?
– வாசகர், விருதுநகர்

பதில்: இல்லை ஐயா, கணக்கு புதிதாகத் தொடங்கிவிட்டது. பாலிசியைப் புதுப்பித்த தேதியிலிருந்து மறுபடியும் 3 வருடம். புதுப்பிக்கும்போது உடல்நலம் பற்றி ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நகல் வாங்கிப் படித்துவிடுங்கள். இடையில் பிபியோ, ஆபரேஷனோ வந்திருந்து அதில் விட்டுப்போயிருந்தால் இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள்.