நாய்க்கு மாட்டீரலும் ஏடி3ஈ மருந்தும் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் நாய்க்கு ஆறு வயது, 20 கிலோ நிறை. மம்மல் பொழுதில் படலையிலும் கிணற்றுக் கட்டிலும் முட்டுகிறது. மாலைக்கண் என்று நினைத்து மூன்று வாரமாகத் தினமும் கால் கிலோ மாட்டீரலும், மாட்டுக்கு வாங்கிய ஏடி3ஈ (விற்றமின் ஏ, டி3, ஈ சேர்ந்த) மருந்தில் அரை மில்லிலீற்றரும் கொடுக்கிறோம். ஒரு மில்லிலீற்றரில் விற்றமின் ஏ 100,000 அலகு, டி3 20,000 அலகு என்று போத்தலில் உள்ளது. தாதிப் பயிற்சியில் இருக்கும் மகள் இது நஞ்சாகும் என்கிறாள். நாய்க்கு மிஞ்சுகிற விற்றமின் ஏ சலத்தோடு போய்விடும் என்கிறான் மகன். எது சரி?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, ஏடி3ஈ மருந்தை இன்றே நிறுத்துங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மகள் படித்தது மனித உடலைப் பற்றி. நமது இரத்தத்தில் விற்றமின் ஏ, ரெற்றினோல் என்ற வடிவில், அதற்கென்றே உள்ள பிணைப்புப் புரதத்தில் ஏறிப் பயணிக்கிறது. அந்தப் புரதம் மிகச் சிறியது. தனியே விட்டால் சிறுநீரக வடிகட்டியால் நழுவிவிடும். ட்ரான்ஸ்தைரெற்றின் என்ற பெரிய புரதம் அதைப் பிடித்து வைத்திருப்பதால்தான் நம் சலத்தில் விற்றமின் ஏ அநேகமாகக் காணப்படுவதில்லை. வெறுவயிற்று இரத்தத்தில் ரெற்றினைல் எஸ்ரர் என்ற கொழுப்பு வடிவம் கூடினால், மனிதரில் அது நஞ்சேறியதன் அடையாளம்.

நாயில் அப்படியல்ல. வெறுவயிற்றிலும் அதன் இரத்தத்திலுள்ள விற்றமின் ஏயின் பெரும்பகுதி எஸ்ரராகவே, கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதங்களோடு ஓடுகிறது. நல்ல சுகமான நாயின் சலத்திலும் ரெற்றினோலும் எஸ்ரரும் இருக்கும். அங்கே அவற்றைச் சுமப்பது சிறுநீரகக் குழாய்களே சுரக்கும் ராம்-ஹோர்ஸ்ஃபோல் புரதம். ஆகவே மனித அளவுகோலை வைத்து நாயின் இரத்த அறிக்கையை வாசிக்கக்கூடாது. இந்த இடத்தில் மகன் சொல்வது ஓரளவு சரி.

ஆனால் அதை நம்பி அளவில்லாமல் கொடுக்க முடியாது. உங்கள் நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கலோரி உணவு வேண்டும். அதற்குத் தேவையான விற்றமின் ஏ 1,300 அலகுக்குள்தான். 100 கிராம் மாட்டீரலில் சுமார் 16,500 அலகு இருப்பதால், கால் கிலோவில் 41,000 வந்துவிடும். அரை மில்லிலீற்றர் மருந்தில் இன்னும் 50,000. நாய் உணவுக்கு அமெரிக்க விதி வைத்திருக்கும் உச்சவரம்பு, 1,000 கலோரிக்கு 62,500 அலகு. நாய் விற்றமின் ஏ மிகையைப் பூனையைவிட நன்றாகத் தாங்கும் என்பதால் மூன்று வாரத்தில் பெரிய கேடு வந்திராது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூட்டு நோவு, நடக்க மறுத்தல், சாப்பாடு வெறுத்தல் எல்லாம் வரலாம்.

எனக்கு உண்மையில் பயம் டி3யைப் பற்றித்தான். அதே விதியில் டி3யின் உச்சவரம்பு 1,000 கலோரிக்கு 750 அலகு. நீங்கள் கொடுத்தது நாளுக்கு 10,000. விற்றமின் ஏபோல அது சலத்தில் வெளியேறாது, கொழுப்பில் தங்கும். இரத்தத்தில் கல்சியம் ஏறி, சிறுநீரகத்தில் சுண்ணாம்பாகப் படியும். மருந்தை நிறுத்திய பிறகும் சில வாரம் அதன் வேலை நடந்துகொண்டிருக்கும். அதிக தாகம், அடிக்கடி சலம் போதல், சத்தி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளைக்கே மிருக வைத்தியரிடம் கூட்டிச் சென்று இரத்தத்தில் கல்சியம், பொஸ்பரஸ், கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) மூன்றையும் பாருங்கள். ஒரு முறை சரியாக இருந்தால் போதாது. ஒரு கிழமை கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அதுவரை பாலும் எலும்பும் வேண்டாம், குடிக்கத் தண்ணீர் தாராளமாக வையுங்கள்.

போகும்போது சலமும் கொண்டுபோங்கள். விடிய முதல் போகும் சலத்தை, நீளப் பிடியுள்ள அகப்பையால் நடுவில் ஏந்தி, சுத்தமான போத்தலில் ஊற்றி, ஐஸ் வைத்த பெட்டியில் இரண்டு மணித்தியாலத்துக்குள் சேர்ப்பியுங்கள். வெயிலில் மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுபோன சலத்தில் கிருமி பெருகி முடிவு பிழைக்கும். அடர்த்தி 1.030க்கு மேலும், புரத-கிரியற்றினின் விகிதம் 0.2க்குக் கீழும் இருந்தால் நல்லது. விகிதம் 0.5ஐத் தாண்டினால் சிறுநீரகத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் நோயுற்ற நாய்களில் ராம்-ஹோர்ஸ்ஃபோல் புரதம் குறைந்து, ரெற்றினோல் பிணைப்புப் புரதம் சலத்தில் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கான சோதனை இங்கே வழக்கத்தில் இல்லை. மேலே சொன்ன சாதாரண சோதனைகள் போதும்.

இனி கண். சாதாரணச் சாப்பாடு சாப்பிடும் நாய்க்கு விற்றமின் ஏ குறைவால் மாலைக்கண் வருவது அரிது. பூசணியிலும் கரட்டிலும் உள்ள கரோட்டினைக்கூட நாய் விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். பூனையால் அது முடியாது. வன்னிப் பக்கத்து நாயின் பார்வை மங்கினால் நான் முதலில் தேடுவது உண்ணிக் காய்ச்சலை. உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி கண்ணுக்குள் அழற்சியும் இரத்தக் கசிவும் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். காதுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள். முரசு வெளிறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரத்தத்தட்டு எண்ணிக்கையையும் அதே இரத்தத்தில் எடுக்கச் சொல்லுங்கள். விழித்திரை தேயும் பரம்பரை நோயாக இருந்தால் எந்த ஈரலும் அதைத் திருப்பாது.

பரிசோதனை முடியும்வரை ஈரலையும் விடுங்கள். பிறகு கொடுப்பதென்றால் 30 கிராம் வீதம் கிழமையில் இரண்டு நாள், நன்றாக அவித்து. அதற்கு மேல் போனால் மாட்டீரலில் உள்ள செம்பு நாயின் ஈரலில் சேரும்: 100 கிராமில் ஏறக்குறைய 10 மில்லிகிராம். உங்கள் நாய்க்கு நாளுக்குத் தேவை 2 மில்லிகிராமுக்கும் குறைவு.