வறட்சி தாங்கும் பூ விதை: பாக்கெட்டை நம்பலாமா?

கேள்வி: ‘வறட்சி தாங்கும் ரகம்’ என்று போட்டிருந்த ஜின்னியா விதையை மூன்று மடங்கு விலை கொடுத்து ஆன்லைனில் வாங்கினேன். பாக்கெட்டில் ‘ஜின்னியா மிக்ஸ்’ என்று மட்டும் இருந்தது. மொட்டை மாடித் தொட்டியில் நன்றாக முளைத்தது. நாலு இலை விட்ட சமயத்தில் ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தேன். அத்தனையும் கருகிவிட்டன. ஏமாந்துவிட்டேனா?
— மதுரை வாசகி

பதில்: நாற்று கருகியதற்கு விதையைக் குறை சொல்ல முடியாது. வறட்சி தாங்குவதெல்லாம் வேர் பிடித்து நின்ற செடிக்குத்தான். மதுரை வெயிலில் மாடித் தொட்டி மண் ஒரே நாளில் காய்ந்துவிடும். நாலு இலை நாற்றுக்கு ஆழத்தில் போய்த் தண்ணீர் தேட வேர் ஏது?

விலை விஷயத்தில்தான் ஏமாந்திருக்கிறீர்கள். வறட்சி தாங்கும் ஜின்னியா நிஜமாகவே உண்டு. நாம் வழக்கமாக வளர்ப்பது ஜின்னியா எலிகன்ஸ். பூ பெரிது, இலையில் சாம்பல் நோய் சீக்கிரம் வரும். அதன் மெக்சிகோ உறவு ஜின்னியா அங்குஸ்டிஃபோலியா, ஒல்லி இலைக்காரி. பூ சின்னதுதான், ஆனால் வெயிலுக்கு அசராது. இரண்டையும் கலந்து ஜப்பானின் சகாடா நிறுவனம் கொண்டுவந்த ‘ப்ரொஃப்யூஷன்’ 1999-இல், புது ரகங்களை வளர்த்துப் பார்த்து விருது தரும் அமைப்பான ‘ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்’ தங்கப் பதக்கம் வாங்கியது. இப்படி ஒரு ரகப் பெயர் இருந்தால் கூடுதல் விலையில் நியாயம் உண்டு. ‘மிக்ஸ்’ என்பது ரகமே இல்லை.

இனி வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். ரகப் பெயர், லாட் எண், முளைப்புத்திறன் சதவீதம், சோதனைத் தேதி, காலாவதித் தேதி இருக்க வேண்டும். எஃப்1 (இரண்டு வகைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை) என்று போட்டிருந்தால் அந்தச் செடியில் விதை எடுத்து வைக்காதீர்கள். அடுத்த தலைமுறை அப்படியே வராது.

விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம். செடி செத்தது என்று ஆரம்பித்தால், தண்ணீர் ஊற்றவில்லை என்று உங்கள் பக்கமே திருப்பிவிடுவார்கள். ரகப் பெயர் இல்லாமல் ‘வறட்சி தாங்கும் ரகம்’ என்று விற்றதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

காசில்லாத வழியும் இருக்கிறது. பக்கத்து வீட்டு நித்தியகல்யாணியில் முற்றிய காய் நாலைந்து கேட்டு வாங்குங்கள். செடி வளர்ந்தபின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வாடாமல் நிற்பதில் மட்டும் விதை எடுத்து அடுத்த முறை போடுங்கள். பல தலைமுறை தொடர்ந்தால் பலன் தெரியும். விதை ஆராய்ச்சிக்காரர்களின் பழைய வித்தை இது. ஒன்று, நித்தியகல்யாணி விதையை மேலாகத் தூவி விட்டுவிடாதீர்கள். இருட்டில்தான் நன்றாக முளைக்கும். மெல்லிசாக மண் போட்டு மூடுங்கள்.