கழிவு மேலாண்மைச் சட்டங்கள் காகித ஆலைகளை எப்படிப் பாதிக்கின்றன?

குப்பை பற்றிய சட்டத்துக்கும் காகிதத் தொழிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய காகிதத்தை நம்பி ஓடும் ஆலைக்குக் குப்பைத் தொட்டியே மூலப்பொருள் கிடங்கு; தொடர்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எண்ணெய் ஊறிய ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கூழாக்கும் தொட்டியில் காகித நார் பிரியும், எண்ணெய் கரையாது. அது நாரில் ஒட்டிக்கொண்டு புதிய தாளில் கறையாக வந்து நிற்கும். ஈரக் குப்பையோடு கிடந்த காகிதம் பூஞ்சை பிடித்து வலுவிழந்துவிடும். அதனால்தான், வீட்டிலேயே தரம் பிரிக்கச் சொல்லும் விதியை எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2015க்குள் காகிதத்தைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்று 2008இலேயே சட்டம் இயற்றியது.

இறக்குமதி விதிகளின் வீச்சு இன்னும் பெரிது. 2018இல் சீனா தரம் பிரிக்காத கழிவுக் காகிதத்துக்குத் தடை விதித்தது. மற்ற வகைகளில் கலப்படம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. ஏற்றுமதியை நம்பியிருந்த நாடுகளில் காகிதம் தேங்கி, விலை சரிந்தது. 2021 தொடக்கத்தில் திடக்கழிவு இறக்குமதியையே சீனா நிறுத்திவிட்டது. அங்குள்ள ஆலைகள் வெளிநாடுகளில் தயாரான மறுசுழற்சிக் கூழை வாங்கத் தொடங்கின.

நிலத்தில் கொட்டுவதற்கான வரியும் காகிதத்தை ஆலை பக்கம் திருப்புகிறது. ஆனால் அதே சட்டம் ஆலைக்குச் செலவும் வைக்கிறது: மை நீக்கும்போது மிஞ்சும் சேறும் கழிவுதான், அதையும் விதிப்படியே அகற்ற வேண்டும்.