விளக்குத்தூணும் ஸ்பெயின்காரரும்

கேள்வி: நம்ம மதுரை விளக்குத்தூண் பிளாக்பர்ன் கலெக்டர் நினைவா வச்சதுன்னு தெரியும், கோட்டைச்சுவர இடிச்சு ஊர விரிச்ச மனுசன். ஸ்பெயின்காரங்க ஆண்ட நாடுகள்ல இப்படி சீர்திருத்தம் பண்ணுன அதிகாரி யாராச்சும் உண்டா சார்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உண்டு, ஆனா பிளாக்பர்ன் பாத்தது ஒரு ஜில்லா, இவரு கை வச்சது ஒரு கண்டத்துல. பேரு ஹோசே தெ கால்வெஸ். 1720ல மலாகா பக்கம் ஒரு குக்கிராமத்துல பொறந்து, வக்கீலாகி, 1765ல ஸ்பெயின் ராஜாவோட விசிட்டர் ஜெனரலா மெக்சிகோவுல போயி எறங்குனாரு (இங்க யூசுப்கான, அதான் மருதநாயகத்த, தூக்குல போட்டதுக்கு அடுத்த வருசம்). ராஜா கஜானாவுக்கு வர வேண்டிய பணத்த வழியில எவன் எவன் திங்கிறான்னு பாக்குறதுதான் வேலை. புகையிலைய சர்க்கார் ஏகபோகமாக்கி வருமானத்த ஏத்துனாரு. 1767ல ராஜா ஏசுசபை சாமியாருங்கள நாடு கடத்த, ஜனங்க கலகத்துல எறங்க, இவரு பட்டாளத்தோட போயி 80 பேருக்கு மேல தூக்குல போட்டாரு.

1769ல கலிபோர்னியாவுக்கு ஆள் அனுப்பி சான் டியேகோவ ஆரம்பிச்சு வச்சாரு, அதே வருசம் மெக்சிகோவோட வடமேற்குல இருக்குற சொனோராவுல மனுசனுக்கு புத்தி பேதலிச்சுப் போச்சு. குவாத்தமாலாவுல இருந்து 600 குரங்க கொண்டாந்து யூனிபார்ம் மாட்டி சண்டைக்கு விடுறேன்னாரு! அவருக்கு கிறுக்குன்னு சொன்ன செக்ரட்டரிங்க ஜெயிலுக்குப் போனாங்க, அதுல ஒருத்தர் அசான்சா, பின்னாடி அதே மெக்சிகோவுக்கு வைசிராயாவே வந்தாரு.

தெளிஞ்சு ஊர் திரும்புனவரு 1776ல இருந்து 1787ல சாகுற வரைக்கும் இந்தியாக்களுக்கான மந்திரி (அமெரிக்காவத்தான் அவங்க அப்பிடி சொல்லுவாங்க, நம்ம இந்தியா இல்ல). நல்லதுன்னு நான் சொல்றது இன்டென்டன்ட் ஏற்பாட்டத்தான், 1786ல மெக்சிகோவுக்கு வந்துச்சு. அதுவரைக்கும் அங்க லோக்கல் அதிகாரிங்க கோவேறு கழுதையையும் துணியையும் கொள்ளை வெலைக்கு பூர்வகுடிங்க தலையில கட்டி, கடன அடிச்சுப் புடுங்குவாங்க, அவங்கள தூக்கிட்டு வரி, நீதி, போலீசு எல்லாத்தையும் கலெக்டர் மாதிரி ஒரே ஆள் கையில குடுத்து அந்த யாவாரத்துக்கும் தடை போட்டாங்க. தடை போட்டாலும் பல எடத்துல அது நிக்கல. பெருவுலயோ இவரு அனுப்புன ஆளு வரிய ஏத்துனதுல ஜனம் கொதிச்சுப்போயி, 1780ல துபாக் அமாருங்கிற பூர்வகுடித் தலைவரோட கலகமே வெடிச்சுச்சு.

ஊழல ஒழிக்க வந்தவரு சொந்தக்காரங்கள மட்டும் நல்லாவே கவனிச்சாரு, அண்ணன், அண்ணன் மகன்னு மெக்சிகோவுக்கு ரெண்டு வைசிராய் அந்த வீட்டுல இருந்தே, பொறந்த கிராமத்துக்கு சீட்டுக்கட்டு பேக்டரி, அமெரிக்கா பூரா விக்கிற உரிமையோட!