பழைய கார்ட்டூன்களும் அந்தக் காலம் என்ற சாக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு ஏழு வயது. சிறுவயதில் நான் விழுந்து விழுந்து சிரித்த டாம் அண்ட் ஜெர்ரி படங்களை அவனுக்கும் காட்டலாம் என்று ஒரு பழைய தொகுப்பை வாங்கினேன். தொடக்கத்திலேயே, இவற்றில் இனரீதியான தப்பெண்ணங்கள் உள்ளன என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் காலம் அப்படி, யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. இன்று எதற்கெடுத்தாலும் மனம் புண்படுகிறது. பழையதையெல்லாம் எரித்துவிட வேண்டியதுதானா? கலைஞனின் சுதந்திரம் என்ன ஆவது? இப்படங்களை இன்று காட்டலாமா, கூடாதா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

சில வாரங்களாக இந்தப் பழைய படங்களின் மூல வடிவங்களையும் பிற்காலத்தில் திருத்தப்பட்ட வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. எரிப்பது பற்றிய பேச்சை விட்டுவிடுங்கள், யாரும் எரிக்கச் சொல்லவில்லை. கலைஞனின் சுதந்திரத்தையும் இங்கே இழுக்க வேண்டாம். இவை ஸ்டுடியோக்களின் சொத்து. எதை வெட்டலாம், எதை வெளியிடலாம் என்று முடிவுசெய்தது உரிமை கையிலிருந்த நிறுவனம்தான்.

ஆனால் 'யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியாது. அந்த 'யாரும்' என்பதில் யாரையெல்லாம் சேர்த்தீர்கள்? கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு, 1915இலேயே கறுப்பினத்தவரை இழிவுபடுத்திய 'பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தை எதிர்த்து நாடெங்கும் போராடியது. அதன் செயலாளர் வால்டர் வைட் 1942இல் ஹாலிவுட்டுக்கே போய், கறுப்பினத்தவரைக் கோமாளிகளாகவும் வேலைக்காரர்களாகவும் மட்டும் காட்டாதீர்கள் என்று ஸ்டுடியோ முதலாளிகளிடம் பேசினார். வால்டர் லான்ட்ஸ் நிறுவனம் 1941இல் எடுத்த ஒரு குறும்படம், கறுப்பினத்தவர் வாழும் ஊர் ஒன்றைச் சோம்பேறிகளின் ஊராகக் காட்டியது. 1948இல் அது மறுபடியும் திரைக்கு வந்தபோது அதே அமைப்பு எதிர்க்க, மறு ஆண்டு படம் திரும்பப் பெறப்பட்டது. 1946இல் டிஸ்னியின் 'சாங் ஆஃப் த சவுத்' வெளியானபோதும் எதிர்ப்பாளர்கள் திரையரங்க வாசலில் பதாகையோடு நின்றார்கள். இவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தாமே? ஏழை சொல் அம்பலம் ஏறவில்லை என்பதற்காக, ஏழை சொல்லவே இல்லை என்று எண்பது ஆண்டுகள் கழித்து நாம் எழுதிவிடுவதா? காலத்தின் மீது பழியைப் போட்டுவிட்டால் சிரித்தவர்களும் சம்பாதித்தவர்களும் தப்பித்துவிடுகிறார்கள். மறுத்தவர்கள் மட்டும் வரலாற்றிலிருந்து காணாமற்போகிறார்கள். தயவுசெய்து அந்த வாக்கியத்தை இனி எங்கும் எழுதாதீர்கள்.

நீங்கள் பார்த்துச் சிரித்த வீட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. டாமை விளக்குமாற்றால் விரட்டும் அந்தக் கறுப்பினப் பணிப்பெண்ணை நினைவிருக்கிறதா? தொய்ந்த காலுறை, செருப்பு, ஏப்ரன், இடுப்புக்குக் கீழே மட்டும் தெரியும் உருவம். சிறுவனாக இருந்தபோது அந்த வீடே அவருடையது என்றுதான் நினைத்திருந்தேன். அதட்டினால் டாம் நடுங்குகிறதே, அவர் எப்படி வேலைக்காரியாக இருக்க முடியும்! முகம் தெரியாததால் அந்தக் குரல்தான் எனக்கு அவராக இருந்தது. குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. வானொலியிலும் திரையிலும் பெரும்பாலும் பணிப்பெண் வேடங்களே கிடைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். 1940 முதல் 1952 வரை வந்த அந்தப் படங்களின் தொடக்க எழுத்துகளில் அவர் பெயர் கிடையாது.

1960களில் தொலைக்காட்சிக்காக இப்படங்களைச் சுத்தப்படுத்தினார்கள். எப்படி? அந்தக் கால்களுக்கு வெள்ளை வண்ணம் பூசி, சில படங்களில் ஆளையே மாற்றி வரைந்து, ஜூன் ஃபோரே என்ற வெள்ளை நடிகையை ஐரிஷ் சாயலில் பேசவைத்தார்கள். 1990களில் உருவத்தை விட்டுவிட்டு, கொச்சைப் பேச்சை நீக்கி, தியா விடேல் என்ற கறுப்பின நடிகையின் குரலைச் சேர்த்தார்கள். இரண்டு முறையும் வெளியேற்றப்பட்டவர் ராண்டால்ஃப்தான். இழிவுபடுத்தும் படத்தை எழுதியவர்களும் விற்றவர்களும் அப்படியே இருக்க, அதில் வாய்த்த சிறு இடத்தில் உயிரோடு நடித்த ஒரே கறுப்பினப் பெண்ணை நீக்கியதற்குப் பெயர் பரிகாரமா? 1940இல் வந்த 'ஃபேன்டேசியா'விலும் இதே வேலைதான். பாதி பெண், பாதி குதிரையாக வரும் வெள்ளைக் குதிரைப்பெண்ணின் குளம்பைத் துடைக்கும் கறுப்புக் குதிரைச் சிறுமியை 1969 மறுவெளியீட்டில் வெட்டினார்கள், பிற்காலப் பதிப்பில் சட்டகத்தைப் பெரிதாக்கி அவளை விளிம்புக்கு வெளியே தள்ளினார்கள். படிந்த கறையின் மீது விரிப்பைப் போட்டு மூடிவிட்டு வீடு சுத்தம் என்பது போன்றது இது. கறை யாருடையது என்ற கேள்வியும் சேர்ந்தே மறைகிறது.

முழுவதுமாகப் பூட்டிவைப்பதும் பயன் தரவில்லை. இனரீதியான கேலி நிறைந்த வார்னர் ஸ்டுடியோவின் 11 குறும்படங்களை, அவற்றின் தொலைக்காட்சி உரிமையை வைத்திருந்த நிறுவனம் 1968இல் ஒளிபரப்பிலிருந்து நிறுத்தியது. அவை மங்கலான திருட்டுப் பிரதிகளாக இன்றும் சுற்றுகின்றன, முன்னால் ஒரு விளக்கமும் இல்லாமல். ஆகவே, காட்டலாம் என்பதே என் கருத்து. வெட்டாமல், குரலை மாற்றாமல், யார் எடுத்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்ற குறிப்போடு, தேடி வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும்.

உங்களை எரிச்சலூட்டிய எச்சரிக்கையை முழுவதும் படித்தீர்களா? இச்சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்றும், இவற்றை மறைப்பது அந்தத் தப்பெண்ணங்கள் இருந்ததே இல்லை என்று சொல்வதற்குச் சமம் என்றும் தொகுப்பை வெளியிட்ட நிறுவனமே அதில் ஒப்புக்கொள்கிறது. அதே நிறுவனம் 2013இல் வெளியிடவிருந்த தொகுப்பிலிருந்து 'மவுஸ் கிளீனிங்', 'காஸநோவா கேட்' ஆகிய இரண்டை விட்டுவிடப் பார்த்து, ரசிகர்கள் கொதித்தெழுந்ததும் தொகுப்பையே நிறுத்திவிட்டது என்பது தனி வேடிக்கை.

மகனை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 'மவுஸ் கிளீனிங்'கின் முடிவில் வீட்டுக்குள் நிலக்கரி கொட்டி, டாம் கரி படிந்த முகத்தோடு எழுந்து வந்து, கறுப்பினத்தவரின் பேச்சைக் கேலிசெய்யும் தொனியில், இங்கே பூனை எதுவும் இல்லையே அம்மா என்று இழுத்து இழுத்துச் சொல்லும். ஏழு வயதில் அவன் அந்தக் கரிமுகத்துக்குச் சிரிப்பான். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது, நீங்கள் நிறுத்தி விளக்கினாலும் அந்த வயதில் ஏறாது. அதனால் அதையும் அது போன்றவற்றையும் இப்போதைக்கு எடுத்து வையுங்கள். அவனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதாகும்போது பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகக் காட்டி, ராண்டால்ஃபின் பெயரையும் சொல்லுங்கள். மற்றபடி அந்தப் பூனையும் எலியும் துரத்திக்கொள்ளும் படங்கள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றை இன்றிரவே தாராளமாகப் போட்டுக் காட்டலாம். அவன் சிரிக்கும்போது நீங்களும் சிரியுங்கள்.

அன்புடன்.