ஏ.எம்.இ. படிப்புக்காக மனையை விற்கலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். ரப்பர் பால் வெட்டுதான் வருமானம். மகன் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு எடுத்து நல்ல மார்க்கோடு பாஸாகிவிட்டு, ஏ.எம்.இ. என்கிற விமானப் பராமரிப்பு லைசன்ஸ் படிப்பில்தான் சேருவேன் என்று நிற்கிறான். இரண்டு வருடத்துக்கு 6 லட்சம் கேட்கிறார்கள். "முடித்த கையோடு வேலை, மாசம் லட்ச ரூபாய்" என்கிறார் சேர்த்துவிடுகிற ஆள். கையில் 1 லட்சம் இருக்கிறது. மீதிக்கு 8 சென்ட் மனையை விற்கவா, மகளுக்கென்று வைத்திருக்கும் 12 பவுனை அடகு வைக்கவா?

பதில்: அக்கா, மனையை விற்க வேண்டாம். நகையையும் இப்போது தொட வேண்டாம். படிப்பு நல்ல படிப்புதான், பையன் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஆள் சொன்ன "முடித்த கையோடு" என்ற வார்த்தையை நம்பிப் பணக்கணக்கு போட்டால் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

கல்லூரி கொடுப்பது படிப்பு முடித்த சான்றிதழ். லைசன்ஸ் கொடுப்பது டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். ஜெட் விமானங்களுக்கான பி1.1 பிரிவில் அங்கீகரித்த படிப்பு 2400 மணி நேரம், அதாவது இரண்டு வருடம். ஒவ்வொரு பாடத்தாளிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். அதற்கப்புறம் பயன்பாட்டில் இருக்கும் விமானங்களில் 2 வருடம் பராமரிப்பு அனுபவம் காட்ட வேண்டும். ஆக, லைசன்ஸ் கைக்கு வர எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நாலு வருடம். அந்தப் பின் இரண்டு வருடத்தில் பெரிய சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது, சில இடங்களில் பையன் சாப்பாட்டுக்கும் ரூம் வாடகைக்கும் வீட்டிலிருந்துதான் பணம் போக வேண்டியிருக்கும். லைசன்ஸ் வந்த பிறகும் ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி பெரிய விமானத்தில் வேலை முடித்து, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட, டைப் ரேட்டிங் என்கிற அந்த ரகத்துக்கான தனித் தகுதி லைசன்ஸில் ஏற வேண்டும். அதைச் சொந்தச் செலவில் படித்தால் இன்னும் சில லட்சம். கம்பெனியே படிக்க வைத்தால் பெரும்பாலும் இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று பாண்ட் கேட்பார்கள். நல்ல சம்பளம் என்று ஊரில் பேசுகிறார்களே, அது இந்தக் கையெழுத்துக்குத்தான்.

இப்போது கடனுக்கு வருவோம். டிஜிசிஏ அங்கீகரித்த படிப்பு என்றால் வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்துக்குள் வரும். 7.5 லட்சம் வரை பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. கையிலுள்ள 1 லட்சம் போக 5 லட்சம் கடன் வாங்குங்கள். தவணை ஆரம்பிப்பது படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து, அதாவது மூன்றாம் வருடக் கடைசியில். லைசன்ஸ் வருவதோ நாலாம் வருடம். அந்த இடைவெளிதான் உங்களைப் போன்ற குடும்பங்களின் கழுத்தைப் பிடிக்கிறது. அதனால் வட்டியை இப்போதிருந்தே கட்டிவிடுங்கள்.

11 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், பாதிப் பணம் வாங்கிய முதல் வருடம் மாதம் 2,300 ரூபாய், மறு வருடத்திலிருந்து 4,600. மூன்று வருடமும் இப்படிக் கட்டி வந்தால், அப்புறம் பத்து வருடத் தவணை மாதம் 6,900க்குள் நிற்கும். கட்டாமல் விட்டால் சுமார் 1.37 லட்சம் வட்டி அசலோடு சேர்ந்து தவணை 8,800 பக்கம் போய்விடும், மொத்தத்தில் 90,000 ரூபாய் வரை கூடுதலாகப் போகும். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்கு வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் உண்டு, மேனேஜரிடம் கேளுங்கள். நம்ம பக்கம் ஆனி மழையிலும் ஐப்பசி மழையிலும் வெட்டு நின்றுபோகும், இலை உதிரும் காலத்தில் பாலும் குறையும். அந்த மாதங்களின் வட்டியை முன்கூட்டியே, ரப்பர் ஷீட் விற்ற கையோடு தனிக் கணக்கில் போட்டு வைத்துவிடுங்கள், வீட்டுச் செலவோடு கலக்கவே வேண்டாம்.

நகைக்கடன் பொதுவாக ஒரு வருடக் கடன். அதை வைத்து லைசன்ஸ் வரையான நாலு வருடத்தை ஓட்டினால் வருடா வருடம் திருப்பி மறுபடி வைக்கிற அலைச்சல்தான், வட்டி ஏறும், நகை திரும்பாது. டைப் ரேட்டிங்குக்குப் பணம் தேவைப்பட்டு, கையில் வேலைக்கான உத்தரவும் இருந்தால், அப்போது வைக்கலாம். அதுவும் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அவள் பவுன் அது.

சேரும் முன்னால் பையனையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். அந்தக் கல்லூரியின் பெயர் டிஜிசிஏ இணையதளத்தில், அங்கீகரித்த பயிற்சி நிறுவனங்களின் பட்டியலில் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு இருக்கிறது என்று பையனையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பி1.1 இன்ஜின், பாடி பக்கம், பி2 மின்னணுப் பக்கம். அப்புறம் அந்த 2 வருட அனுபவம் எங்கே கிடைக்கும், எந்தப் பராமரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். "திருவனந்தபுரத்தில் விமானம் பழுது பார்க்கிற ஹேங்கர் இருக்கே, பக்கத்திலேயே போட்டுவிடலாம்" என்று வாயால் சொன்னால் போதாது. எழுதித் தரத் தயங்கினால் அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள், வேறு கல்லூரி பார்க்கலாம்.